சுவையும் வல்லமையும்: சீவக சிந்தாமணி பெற்ற தீர்ப்புகளை முன்வைத்து

அறிமுகமில்லாத ஒரு படைப்பை எதிர்கொள்ளும் வாசகன் எதனை நம்புவது? தன் நெஞ்சுக்குப் பட்டதையா, துறைபோகியோர் கூறுவதையா? தமிழ்த் திறனாய்வில் இவ்வினா புதியதன்று. எனினும் இது பெரும்பாலும் இரு கட்சியாரின் வழக்காகவே பேசப்பட்டு வந்துள்ளது. ஒருபுறம் க.நா. சுப்ரமண்யத்தின் இரசனை வழி, மறுபுறம் க. கைலாசபதியின் சமூகவியல் வழி. க.நா.சு. குழுவினரைப் பற்றிக் கைலாசபதி 1980இல் தனி நூலே வெளியிட்டார். அவ்வழக்கை மீண்டும் விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்விருவரும் பெரிதும் மதிப்பிட்டவை தம் காலத்துப் புனைகதைகள். அவற்றின் மொழியும் வாழ்க்கையும் இருவர்க்கும் பழகியவையே. எனவே அங்கே எழுந்தது அளவுகோல் பற்றிய சண்டை. பொருளே அயலானதாக இருக்கும்போது எழும் சிக்கல் வேறு. அங்கே வாசகனின் சுவை எதனைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்கிறது என்பதே தெளிவில்லை.

நம் மாணவர்க்குச் சங்க இலக்கியம் இன்று ஏறக்குறைய அத்தகைய அயற்பொருள் ஆகிவிட்டது. ஆதலால் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பறையில் சந்திப்பது.

தமிழ் மரபு இதனை எவ்வாறு எண்ணியது என்பதற்கு இறையனார் அகப்பொருள் உரை கூறும் கதை நல்ல சான்று. அறுபது நூற்பாவுக்குச் சங்கப் புலவர் ஆளுக்கோர் உரை கண்டனர். எது மெய்யுரை என்று தீர்மானிக்க அவர்களால் இயலவில்லை. இறுதியில் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டுப் பிள்ளை, வாய் பேசாதவன், நடுவனாக அமர்த்தப்படுகிறான். மருதன் இளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களில் மட்டும் மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்கோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான் என்பது கதை. புலமை தோற்ற இடத்தில் மெய்ப்பாடு வென்றது என்று இதனை மேடைகளில் எடுத்துக்காட்டுவது வழக்கம். மேடைக்கு அது போதும். ஆய்வுக்குப் போதாது.

முதலாவதாக, அப்பிள்ளை சாதாரணப் பிள்ளையல்லன்; சாபத்தால் பிறந்த முருகக் கடவுள் என்று அவ்வுரையே கூறிவிடுகிறது. பயிலாத சுவையின் வெற்றியாக இக்கதையைக் கொள்ள இடமில்லாமற் போகிறது. இரண்டாவதாக, இக்கதையைக் கூறுவது எது? வென்றதாகச் சொல்லப்படும் நக்கீரர் உரையேதான். அவ்வுரை நக்கீரர் தொடங்கி ஆசிரியர்–மாணவர் வழியாக முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை வந்தது என்னும் மரபுப் பட்டியலையும் அதுவே தருகிறது. ஒரு வல்லுநர் மரபு தன் உரிமையை நிலைநாட்ட ஒரு குழந்தையின் கண்ணீரைச் சான்றுக்கு அழைக்கிறது என்பதே பொருத்தமான வாசிப்பாகும். இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. புலவர் அனைவரும் தத்தம் உரைக்கு வழக்காளிகள்; வழக்காளி நடுவனாக இயலாது. அவர்களுக்கு அறிவு குறைந்ததாகக் கதை கூறவில்லை. குறைந்தது நடுநிலை. வல்லுநர் கருத்தை ஐயுற வேண்டிய இடம் எது என்பதை இக்கதை இவ்வளவு நுட்பமாகக் காட்டுவதைப் பலர் கவனிப்பதில்லை.

கதையிலிருந்து வரலாற்றுக்கு வருவோம். தமிழில் அடுத்தடுத்து அயலார் கையில் அகப்பட்டுத் தீர்ப்புப் பெற்ற நூல் ஒன்று உண்டென்றால் அது திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியே.

சோழன் அநபாயன் சிந்தாமணியை விரும்பிக் கேட்டதாகவும், அமைச்சர் சேக்கிழார் அது பொய்நூல் என எடுத்துரைத்து அவனை அடியார் வரலாற்றின்பால் திருப்பியதாகவும், அதன் விளைவே பெரியபுராணம் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பின் தன்மையைக் கருத வேண்டும். இங்கே சுவைத்தவன் அரசன். மறுத்தவர் கற்றுத் துறைபோகியவர். அரசனின் சுவை பிழையென்பதற்கு அவர் காட்டும் ஏது காப்பியத்தின் யாப்போ வருணனையோ கதையமைப்போ அன்று, சமயம். சமயத்தில் அவர் பெற்றிருந்த அதிகாரம் காப்பியத்தின்மேலும் செலுத்தப்படுகிறது. வல்லுநர் தம் எல்லையைக் கடந்து பேசும்போதும் அதே குரலிலேயே பேசுவர். கேட்போர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. பெரியபுராணம் நமக்குக் கிடைத்தது பேறு. அதனால் சிந்தாமணி பற்றிய அத்தீர்ப்பு இலக்கியத் தீர்ப்பாகிவிடாது.

அடுத்தவர் நச்சினார்க்கினியர். தொல்காப்பியம், கலித்தொகை, பத்துப்பாட்டு ஆகியவற்றுக்கு உரை கண்ட பேருரையாசிரியர், சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது நிகழ்ந்ததோ இல்லையோ, அதில் அடங்கிய உண்மை பெரிது. தமிழ்ப் புலமை முழுதும் கைவரப்பெற்ற ஒருவர்க்கும் இந்நூலின் முன் ஒரு குறை இருந்தது. அதனை நிரப்பியோர் இந்நூலைத் தம் வாழ்க்கையாகக் கொண்டோர்.

இச்செவிவழிச் செய்தி ஏறக்குறைய அப்படியே வரலாறாக நிகழ்ந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காண்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணங்களை ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை, பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று கேட்டார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பெயர்கள் அவ்வுரையாடலில் எழுந்தன. ஐயர் அவற்றைக் கற்றிருக்கவில்லை. என் சரித்திரம் படித்தோர் யாவரும் அறிந்த நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியில் வல்லுநர் யார்? தொழிலால் புலவர் ஐயரே. முதலியார் நீதித்துறை அலுவலர். புலவர் கூட்டத்தின் பொதுக்கருத்து அந்நாளில் சிற்றிலக்கியங்களையும் புராணங்களையுமே உயர்ந்தவையாகக் கொண்டிருந்தது. அப்பொதுக்கருத்துக்குக் கட்டுப்படாத ஆர்வலர் ஒருவரே வேறு திசையைக் காட்டினார். இதைக் கொண்டு ஆர்வலரின் சுவையே சிறந்த வழிகாட்டி என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைப் படிக்கத் தொடங்கிய ஐயர், மொழி தெரிந்தும் பொருள் புலப்படாத நிலையை அடைந்தார். நச்சினார்க்கினியர் உரையே பல இடங்களில் புதிராயிற்று. சமணக் கோட்பாடுகளும் கலைச்சொற்களும் அவர்க்குத் தெரியாதவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரைத் தேடிச் சென்று அவர் ஐயங்களைக் கேட்டார். அவர்கள் வித்துவான்களாகப் பெயர் பெற்றோர் அல்லர். ஆயினும் சிந்தாமணியைப் புனித நூலாகப் போற்றிப் படித்து வந்தவர்கள். ஐயரைத் தடுமாறச் செய்த சொற்கள் அவர்கள் இல்லத்தில் நாள்தோறும் வழங்கின. சைவச் சூழலில் வளர்ந்த, திருவாவடுதுறை ஆதீனத்தின் அரவணைப்புப் பெற்ற ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையில் மாணவராக அமர்ந்தமை அக்காலத்தில் எளிதான செயலன்று. சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது.

வல்லுநர் என்னும் சொல்லை ஒருமையில் வழங்குவதே நம் குழப்பத்துக்கு முதற் காரணம் என்பதை இது காட்டுகிறது. சுவடி அறிந்தோர், இலக்கணம் அறிந்தோர், சமயம் அறிந்தோர், காப்பியமாக அதைத் துய்க்க அறிந்தோர் என ஒரே நூலுக்குப் பல துறை அறிவாளர் உளர். ஒருவர் மற்றவர்க்காகப் பேச இயலாது. ஐயர் தம் சுவையைக் கைவிடவில்லை. சமணர் சொன்னதற்காகச் சிந்தாமணி உயர்ந்த காப்பியம் என்று அவர் கொள்ளவுமில்லை. இது எத்தகைய பொருள் என்பதை அவர்களிடம் கேட்டறிந்தார். அதன்பின் தாமே சுவைத்தார். இவ்வரிசை முக்கியமானது.

இவ்வரிசை தலைகீழானால் என்ன நேரும் என்பதற்கு இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கம்பர் பதிப்பு சான்றாகும். டி.கே.சி. பண்டிதர் கையில் இறுகிக் கிடந்த கவிதையை மீட்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியில் ஒரு பாட்டை வாய்விட்டுப் பலமுறை சொல்லி, அதன் ஓசையும் உணர்ச்சியும் உடலில் ஏறும்வரை நிறுத்தி அனுபவித்தனர். அந்நெறியின் ஈர்ப்பை மலாயாவும் ஒருவாறு உணர்ந்தது. 1953 முதல் 1957 வரை தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி டி.கே.சி.யிடமும் கம்பனிடமும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். நம் எழுத்தாளர் ஒரு தலைமுறையினர் அவரிடம் இலக்கியம் கேட்டனர்.

ஆனால் டி.கே.சி. அனுபவிப்பதோடு நிற்கவில்லை. தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பருடையவை அல்ல என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். கம்பர் தரும் ராமாயணம் அவ்வாறு உருவானது. இதன் வாதம் வட்டமானது: கம்பர் மகாகவி, மகாகவி சுவையற்ற பாட்டு எழுதார், இப்பாட்டு எனக்குச் சுவைக்கவில்லை, ஆகவே இது கம்பர் பாட்டன்று. பல நூற்றாண்டு இடைவெளியில் சொல் பொருள் மாறியிருக்கலாம், நீண்ட காப்பியத்தில் கதை நடத்தும் பாடல்கள் தளர்ந்த நடையில் அமைவது இயல்பு, தனிப்பாட்டாக நின்று சுவைக்காதது தொடரில் நின்று பயன்படலாம் என்பவற்றுக்கு இவ்வாதத்தில் இடமே இல்லை. இடைச்செருகல்கள் இருப்பது உண்மையே. அவற்றைக் கண்டறியச் சுவடிகளின் ஒப்பீடு என்னும் வழி உண்டு. அவ்வழியில் சுவை ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பு வழங்கலாகாது. ஐயரின் பதிப்புகளைப் பாருங்கள். தாம் ஏற்காத பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் தந்து செல்வார். பின்வரும் வாசகனுக்கு வேறு சுவை இருக்கலாம் என்னும் மரியாதை அது. டி.கே.சி. பதிப்பில் வாசகனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. தனிச்சுவை சுதந்திரத்தின் பெயரால் பேசப்படுவது. ஆயினும் இங்கே அது எந்தப் பண்டிதரும் செலுத்தாத அதிகாரத்தைப் பிறர்மேல் செலுத்திவிட்டது.

மேலைத் திறனாய்வில் இச்சிக்கலின் இரு புள்ளிகளை மட்டும் சுட்டுகிறேன். டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், டான் கிஹோட்டே நூலில் சான்சோ தன் உறவினர் இருவரைப் பற்றிக் கூறும் கதையை எடுத்தாள்கிறார். மதுவைச் சுவைத்த ஒருவர் தோல் வாடை என்றார்; மற்றவர் இரும்புச் சுவை என்றார்; ஊர் நகைத்தது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய திறவுகோல் கிடந்தது. அழகான உவமை, ஆனால் இலக்கியத்துக்கு அத்தகைய அடிப்பகுதி இல்லை. அதே கட்டுரையில் ஜான் பனியனை அடிசனுக்கு நிகராகக் கூறுவது நகைப்புக்குரியது என்று ஹியூம் ஐயமின்றி எழுதினார். பின்வந்த நூற்றாண்டுகள் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. மறுபுறம், ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பெயர் நீக்கிய பதின்மூன்று கவிதைகளைத் தந்து பெற்ற கருத்துரைகளை 1929இல் வெளியிட்டார். தேர்ந்த கல்வி பெற்ற மாணவர் பலர், கவிதையின் நேர்ப்பொருளையே பிறழ உணர்ந்துகொண்டு அதன்மேல் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தனர். ஜான் டன்னுக்கும் ஹாப்கின்ஸுக்கும் அங்கே பெயரின் காவல் இல்லை. வல்லுநரும் தவறுவர் என்பதை ஹியூமும், வல்லுநரின்றி நிற்கும் சுவை தான் படித்திராத ஒரு கவிதையை மதிப்பிட்டுவிடும் என்பதை ரிச்சர்ட்ஸும் காட்டுகின்றனர்.

இனி நம் வகுப்பறை. முல்லைத்திணைப் பாடலொன்றை மலேசிய மாணவர்க்குக் கற்பிப்பதாகக் கொள்வோம். கார்காலம் வந்தது, தலைவன் வரவில்லை, தலைவி வருந்துகிறாள். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டில் வளர்ந்த மாணவனுக்கு இதில் என்ன துயரம்? மழை அவனுக்குக் காலக்குறி அன்று. நீண்ட கோடைக்குப் பின் நிலம் நனைவதும், பிடவும் கொன்றையும் பூப்பதும், வினைமேற் சென்றோர் திரும்பும் பருவமென அதனை ஊரே எதிர்பார்ப்பதும் விளக்கப்படாதவரை, இப்பாட்டு சலிப்பாக இருக்கிறது என்று அவன் சொன்னால் அது நேர்மையான கூற்று; பாட்டைப் பற்றிய கூற்று மட்டும் அன்று. விளக்கியபின்னும் அவன் சலிப்பாக இருக்கிறது என்று சொன்னால் அதற்குச் செவிகொடுக்க வேண்டும். சங்கப் பாடல் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. செம்மொழி என்னும் பெயர் அந்த வேறுபாட்டை மறைத்துவிடலாகாது.

நடைமுறையில் நாம் செய்வதோ வேறு. நயம் பாராட்டுதல் என்னும் பெயரில், பிறர் எழுதிய வியப்பை மாணவன் மனனம் செய்து ஒப்பிக்கிறான். எளிய சொல்லாட்சி, ஆழ்ந்த கருத்து, பொருத்தமான உவமை என்ற மூன்று தொடர்களும் எந்தப் பாட்டுக்கும் பொருந்துமாறு கைவசம் உள்ளன. வல்லுநர் அறிவின் பயனான விளக்கம் அங்கே இல்லை. தனிச்சுவையின் பயனான நேர்மையும் இல்லை. துணைநூல்கள் பெருகப் பெருக இந்நிலை வலுப்பெறுகிறது. ஆசிரியர்களைக் குறைகூறுவது எளிது. விடைப்பட்டி எதற்கு மதிப்பெண் தருகிறதோ அதையே அவர்கள் கற்பிக்க வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளாக முதலாண்டு மாணவரிடம் நான் ஒரு பயிற்சி தந்து வருகிறேன். ஆசிரியர் பெயரும் உரையும் இல்லாமல் ஒரு பாட்டைத் தந்து, தோன்றியதை எழுதச் சொல்வேன். பின்னர் உரையும் திணைக்குறிப்பும் தந்து, அதே தாளின் மறுபக்கத்தில் மீண்டும் எழுதச் சொல்வேன். முதற்பக்கத்தை அழிக்கக் கூடாது. இரு பக்கங்களும் முரண்படும் தாள்களே வகுப்பில் நீண்ட நேரம் பேசப்படுபவை. உரையைப் படித்தபின் பாட்டின்மேல் இருந்த விருப்பம் குறைந்தது என்று எழுதுவோரும் உண்டு. அவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் உரையாசிரியரின் ஒழுக்கநெறி விளக்கத்தின்மேல் கொண்ட சினமாக இருக்கும். அச்சினத்திலிருந்து உரைமரபு பற்றிய நல்லதொரு பாடத்தைத் தொடங்கலாம். ஆனால் அம்முதற்பக்கத்துக்கு மதிப்பெண் இட நம் விடைப்பட்டிகளில் இன்றுவரை ஒரு பிரிவில்லை.