லின்னேயஸ் ட்ரைப்பின் கட்டடப் படங்கள்: ஆவணமா, அழகா?

லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) கிழக்கிந்திய கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவில் புகைப்படக்காரராக இடம்பெற்றார். பின்னர் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் தொடங்கி சில மாதங்களில் ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் பதிவுசெய்தார்.

இப்படங்கள் இன்று இணையத்தில் ‘அந்தக்கால மதுரை’, ‘அந்தக்காலத் தஞ்சை’ என்ற தலைப்புகளில் சுற்றிவருகின்றன. யார் எடுத்தார், எதற்காக எடுத்தார் என்ற விவரம் பெரும்பாலும் உடன் வருவதில்லை. அந்த விவரம் இல்லாமல் பார்ப்பவர், கட்டடம் தானாகவே காகிதத்தில் பதிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார். ட்ரைப்பின் படங்கள் அப்படிப்பட்டவை அல்ல.

முதலில் தொழில்நுட்பம். ட்ரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851-ல் அறிமுகம் செய்த முறை இது. கண்ணாடித் தகட்டை ஈரம் காயும் முன் பயன்படுத்தியாக வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். மாட்டுவண்டிப் பயணத்துக்கும் தென்னாட்டு வெயிலுக்கும் அது தோதானது. ஆனால் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அசையும் எதுவும் கலங்கிப்போகும், அல்லது மறைந்தேபோகும். அக்கால ரசாயனம் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்ததால் வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் நெகட்டிவின் மேல் நிறமி பூசி மேகங்களை வரைந்து சேர்த்தார். அவருடைய பல படங்களில் நாம் பார்க்கும் மேகம் அவர் கைவேலை.

இதைப் பொய் என்று சொல்லலாமா? கோபுரத்தில் அவர் எதையும் மாற்றவில்லை என்பதால் ஆவண மதிப்பு குறையவில்லை என்பது ஒரு வாதம். நான் அதை முழுமையாக ஏற்கமாட்டேன். மேகம் சேர்ந்ததும் கட்டடம் ஓர் ஓவியக் காட்சியாகிவிடுகிறது. இடிபாடு சோகமான அழகைப் பெறுகிறது. திருமலை நாயக்கர் அரண்மனை அப்போது சிதைந்துகிடந்தது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த 1866–72 காலத்தில்தான் அது பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலையைக் காட்டுவதால் ட்ரைப்பின் படங்கள் கட்டடக்கலை மாணவருக்கு ஈடற்றவை. ஆனால் பார்ப்பவர் மனம் சிதைவின் காரணத்தைத் தேடுவதில்லை, சிதைவை ரசிக்கிறது.

ஆளில்லாத வெறுமையும் இப்படியே. நீண்ட நேரப் பதிவு ஒரு காரணம்தான். ஆனால் ஆட்களை அசையாமல் நிற்கவைத்து எடுக்க முடியாததல்ல. வேறு பலர் அப்படி எடுத்தார்கள். ட்ரைப்புக்குக் கட்டடமே போதுமானதாக இருந்தது. வடக்கே 1857 எழுச்சி இன்னும் அடங்காத மாதங்களில், கம்பெனி அதிகாரி ஒருவர் தெற்கின் கோயில் நகரங்களை மனிதரற்ற இடங்களாகக் காட்டியது வேண்டுமென்றே செய்ததல்ல என்றாலும், அதன் விளைவு அரசியல்தான்.

எதை எடுத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. மதுரைத் தொகுப்பில் புதுமண்டபத்துடன் பிளாக்பர்ன் நினைவுச்சின்னமும் இருக்கிறது. மதுரைக்காரர்கள் இன்று விளக்குத்தூண் என்று அறிவது அதைத்தான். நகரின் கோட்டைச்சுவரை இடிக்கச் செய்த ஆட்சியரின் நினைவுக்கு வைத்தது. கோயிலும் கலெக்டரின் தூணும் ஒரே தொகுப்பில், ஒரே அக்கறையுடன்.

வைகைப் படம் எனக்குப் பிடித்தமானது. மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்துடன் ஆறு என்பது அதன் தலைப்பு. ஆற்றின் குறுக்கே ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889-ல். அதற்கு முப்பது ஆண்டுகள் முந்தைய கடவு இது. தரைப்பாலத்தில் சிற்பமோ புராணமோ இல்லை. ஊருக்குள் போகும் வழி, அவ்வளவே. அதையும் படமெடுக்கத் தகுந்ததாக ட்ரைப் நினைத்தார். பர்மாவின் அமரபுரத்தில் எடுத்த பெரிய புத்தர் சிலைப் படத்துக்கும், மரப்பாலத்தின் வடமுனைக்கு அருகில் என்றே இடம் குறித்திருக்கிறார். நில அளவையாளரின் பழக்கம் அது. தலைப்புகளை வெட்டிவிட்டுப் பகிர்வோர் இழப்பது இதைத்தான்.

அவருடைய உச்சம் தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். மேகத்துக்கு அங்கே இடமில்லை. நிழலும் இடிபாடும் தரும் கவர்ச்சியும் இல்லை. கல்லும் எழுத்தும் மட்டுமே. ராஜராஜனின் அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1890-களில். ட்ரைப்புக்குத் தமிழ் எழுத்து எவ்வளவு புரிந்தது என்பது இங்கே பொருட்டல்ல. வாசிக்கத் தெரிந்தவருக்காக அவர் எடுத்தார். அழகுக்கு இவ்வளவு குறைவாக இடம்கொடுத்த படம் அவருடையவற்றில் வேறில்லை. என் மதிப்பீட்டில் மிக அழகானதும் அதுவே.

அரசு இதை நீடிக்கவிடவில்லை. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அன்றைய நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி இப்பணியை நிறுத்தச் செய்தார். 1860-க்குப் பின் ட்ரைப் மிகக் குறைவாகவே படமெடுத்தார். 2014–15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே அவர் கலைஞராகக் கொண்டாடப்பட்டார். தஞ்சையிலும் மதுரையிலும் அப்படங்களுக்கு வேறொரு பயன் உண்டு: அதிட்டானத்தின் எந்தக் கல் பெயர்ந்தது, எந்தத் தூண் பின்னாளில் மாற்றப்பட்டது என்று இன்றைய கட்டடத்தின் அருகில் வைத்து ஒப்பிடலாம்.