கிணற்றடிக்குப் போகாத மேற்பார்வை

வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் எண்ணெய்க் கிணறுகளை ஆள் விட்டுப் பார்ப்பது செலவு பிடிக்கும் வேலை.  புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்காலிலிருந்துதான் ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகையைக் கவனிக்கிறது. அழுத்தமானியைப் பார்த்து நோட்டில் குறிக்கும் வேலையை உணர்கருவிகளுக்கும் ‘ஸ்கேடா’ என்னும் தொலைக் கண்காணிப்புக்கும் மாற்றும் முயற்சியில் அந்நிறுவனம் 2000-களிலேயே இறங்கியது.

ஐயமில்லாத மிச்சம் பழைய கிணறுகளில் கிடைக்கிறது. ஊற்றுக் குறைந்த கிணற்றில் தலையாட்டி இறைக்கும் பம்பு வெறுமனே ஓடினால் மின்சாரம் வீண். உள்ளிருக்கும் தண்டும் முறியும். தண்டின் மேல் விழும் பளுவை ஒவ்வோர் இழுப்பிலும் அளக்கும் கருவி, பம்பு நிறையவில்லை என்று கண்டதும் மோட்டாரை நிறுத்துகிறது. எண்ணெய் ஊற இடைவெளி விட்டு மறுபடி ஓட்டுகிறது. இதில் குறை சொல்ல அதிகமில்லை.

குழாய்க் கசிவில் கதை வேறு. ஒரு முனையில் அனுப்பியதையும் மறுமுனையில் வந்ததையும் கணினி ஒப்பிடுகிறது. மீட்டரின் பிழைக்குள் அடங்கும் சிறு கசிவு அதன் கண்ணில் படாது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலம் வயலில் கச்சா எண்ணெய் வழிந்ததை ஊர்மக்கள் பார்த்தார்கள். 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடலோரத்தில் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் (சி.பி.சி.எல்.) குழாய் கசிந்தபோது மீனவர்கள் பார்த்தார்கள்.

கருவி சொன்னாலும் போதாது, கேட்டுப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். 2010 ஜூலையில் அமெரிக்காவின் மார்ஷலில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் கிழிந்தபோது எச்சரிக்கைகள் வந்துகொண்டேயிருந்தன. கட்டுப்பாட்டறை அவற்றைத் தவறாகப் படித்து இருமுறை எண்ணெயை மீண்டும் ஓட்டியது. ஏறக்குறைய 17 மணி நேரம் கழித்து, வெளியாள் ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. துப்புரவுச் செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. எத்தனை ஆண்டுச் சுற்றுக்காவல் கூலி அது!

வலைப்பின்னலுக்கும் ஒரு விலை உண்டு. 2022 ஏப்ரலில் அசாமின் துலியாஜானில் ஆயில் இந்தியாவின் கணினிகளை முடக்கியவர்கள் 75 லட்சம் டாலர் கேட்டார்கள். எண்ணெய் எடுப்பு நிற்கவில்லை. அலுவலகக் கணினியும் கிணற்றுக் கருவியும் ஒரே வலையில் இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கக்கூடும்.

மிச்சக் கணக்கையும் அப்படியே ஏற்க முடியாது. 2014-இல் கச்சா விலை சரிந்தபின் உலகெங்கும் இத்தகைய திட்டங்கள் பெருகின. அதே காலத்தில் கிணறு துளைக்கும் ‘ரிக்’ எந்திரங்களின் வாடகையும் இறங்கியது. இரண்டையும் பிரிக்காமல் காட்டப்படும் மிச்சத்தில் மென்பொருளின் பங்கு தெரியாது. சுற்றுக்காவல் குறைந்தது லாபத்தில் ஏறுகிறது. எண்ணெய் படிந்த வயலுக்கான இழப்பீடு வேறொரு தலைப்பில் போய்விடுகிறது.