பெருக்காத ஆம்ப், பெருகும் இசை

ப்ரீஆம்ப் காலம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். காபி கொடுத்து, நெல்சன் பாஸின் பி1 பஃபரில் ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டுகிறேன். அப்புறம் வாதாடட்டும்!

அப்படிச் சொல்பவர்களின் கணக்கில் தப்பில்லை. சிடி பிளேயர் வந்தபோதே அதிலிருந்து 2 வோல்ட் சிக்னல் நேராகக் கிடைத்தது. டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் இன்றைய டேக்குகளும் (DAC) அப்படித்தான். பெரும்பாலான பவர் ஆம்ப்களை முழு வீச்சில் ஓட்ட ஒன்று முதல் இரண்டு வோல்ட் போதும். பிறகு நடுவில் எதற்கு ப்ரீஆம்ப் என்று இன்னொரு பெட்டி?

2008இல் பாஸ் கையில் எடுத்தது இதே கேள்வியைத்தான். பாஸ் லேப்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்த அமெரிக்கர் அவர். வீட்டில் சால்டரிங் அயர்ன் பிடிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் சர்க்யூட்டுகளை இலவசமாக அள்ளிக் கொடுக்கும் வள்ளல். சிக்னலைப் பெருக்கத் தேவையில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, கொஞ்சம்கூடப் பெருக்காத ஒரு ப்ரீஆம்பை வரைந்தார். ஒரு சேனலுக்கு இரண்டே ஜேஃபெட் டிரான்சிஸ்டர், ஒரு வால்யூம் கன்ட்ரோல், சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவுதான் பி1. அவர் போட்ட தோஷிபா 2எஸ்கே170 ஜேஃபெட் இப்போது தயாரிப்பில் இல்லை. அதற்கு ஈடான எல்எஸ்கே170 கிடைக்கிறது.

பெருக்காதென்றால் என்னதான் செய்கிறது? அழகே அங்கேதான் இருக்கிறது! வெறும் வால்யூம் கன்ட்ரோலை மட்டும் நடுவில் வைத்துப் பாருங்கள். 25 கிலோ ஓம் கன்ட்ரோல் என்றால், சிக்னல் பாதியாகும் இடத்தில் அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் 6 கிலோ ஓமைத் தாண்டிவிடும். எதிரே இருக்கும் பவர் ஆம்பின் உள்ளீடு வெறும் 10 கிலோ ஓமாக இருந்தால், சிக்னலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடும். கேபிள் நீளமானால் அதன் கெப்பாசிட்டன்ஸ் உச்ச அலைவரிசைகளையும் மழுங்கடிக்கும். பஃபர் இந்த இரண்டு தொல்லையையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு, பவர் ஆம்புக்குத் தெம்பாக சிக்னலைத் தள்ளுகிறது.

எங்கள் கூடத்தில் பவர் ஆம்ப் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கிறது, டேக் அலமாரியில் இருக்கிறது. இடையே நீளமான கேபிள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாகத் தோன்றும் என்பதால், மல்டிமீட்டரில் வோல்டேஜைச் சமமாக்கிவிட்டு மாற்றி மாற்றிக் கேட்டேன். போட்டது இளையராஜாவின் 1986 இசைத்தொகுப்பு, 'ஹவ் டு நேம் இட்?'. வெறும் கன்ட்ரோலில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் போர்வை போர்த்திக்கொண்டு வாசித்தது. பி1 வந்ததும், அடடா! வில் நரம்பில் பதியும் அந்தக் கணம் தனியாகக் கேட்கிறது. பின்னணி வயலின்கள் ஒரே கூட்டமாக இல்லாமல் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சொக்கிப்போனேன்!

“டேக்கிலேயே வால்யூமைக் குறைக்கலாமே” என்பார்கள். குறைக்கலாம். ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஒரு பிட் கரைந்தாலும், இன்றைய 24 பிட், 32 பிட் கணக்கில் அது பெரிய இழப்பில்லை. ஆனால் டேக்கின் சொந்த இரைச்சல் குறையாது. பாட்டு மட்டும்தான் இறங்கும். டேக்குக்குப் பிறகு அனலாக்கில் குறைத்தால் பாட்டோடு அந்த இரைச்சலும் சேர்ந்தே இறங்கும். ராத்திரி வீட்டார் தூங்கிய பிறகு மெதுவாக வைத்துக் கேட்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இசைத்தட்டு பிரியர்களுக்கோ விவாதமே தேவையில்லை. எம்எம் (மூவிங் மேக்னெட்) கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதைத் தூக்கிவிட்டு, தட்டில் பதியும்போது குறைத்த பேஸைக் கூட்டி, கூட்டிய ட்ரெபிளைக் குறைத்து, ஆர்ஐஏஏ கணக்குப்படி நேராக்கித் தருகிற ஃபோனோ ஸ்டேஜும் ஒரு ப்ரீஆம்ப்தானே!

நல்ல அனலாக் வால்யூம் உள்ள ஒரே ஒரு டேக், குட்டையான கேபிள், வேறெதுவும் இணைப்பதில்லை என்றால் உங்களுக்கு ப்ரீஆம்ப் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல இசைத்தட்டு வாங்குங்கள். மற்றவர்கள் ஸ்பீக்கரை மாற்றக் கடன் வாங்கும் முன்னால், சால்டர் பண்ணத் தெரிந்த நண்பரைப் பிடித்து ஒரு பி1 கட்டிக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்!