பெயர் வைக்கும் கை

பேர்ல என்னங்க இருக்கு, செடி செடிதானே என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. சண்பகத்தை எடுத்துக்கொள்வோம். 1753இல் லின்னேயஸ் அதற்கு 'மிக்கேலியா சம்பக்கா' என்று பெயரிட்டார். முன்பாதி மிக்கேலி என்ற இத்தாலியத் தாவரவியலாளரின் நினைவு. மண்ணின் பெயர் அதற்குக் கீழ்ப்பட்ட இனப்பெயராகப் பின்னால் வருகிறது. வகைப்பாடு திருத்தப்பட்டு இன்று அது 'மக்னோலியா சம்பக்கா'. மக்னோல் பிரெஞ்சுக்காரர். வீட்டுக்காரர் மாறியாச்சு, சண்பகம் மட்டும் அதே பின்கட்டில்.

மலபார்ச் செடிகளை லின்னேயஸ் அறிந்தது பெருமளவும் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' வழியாக. டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த நூல். அதற்குச் செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். கோலெழுத்தில் அவர் தந்த சான்று முதல் தொகுதியிலேயே இருக்கிறது. வான் ரீட் அவரை மறைக்கவில்லை. பின்னால் வந்த பெயரிடும் முறைதான் மறைத்தது. இனப்பெயரை அடுத்து, அதைச் சூட்டியவர் என்று லின்னேயஸின் முதலெழுத்து ஒன்றே நிற்கிறது. சொன்னவர் தகவலாளி, எழுதியவர் ஆசிரியர். அறிவின் சாதியடுக்கு என்பது இதுதான்.

இது பழைய கதை இல்லை. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர், சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்து 10,000 டாலர் பரிசு பெற்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. காதுகேளாதோர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அமெரிக்கச் சைகை மொழியில் புருவம் உயர்ந்தால் அது ஆம்-இல்லைக் கேள்வி. இலக்கணம் முகத்திலும் இருக்கிறது. கையுறைக்கு முகம் தெரியாது. அதைவிடப் பெரிய சங்கதி, அதை யார் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது. கேட்பவர் சைகை கற்க வேண்டியதில்லை, கேளாதவர்தான் கருவி சுமக்க வேண்டும். பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சைத் திணித்த 1880 மிலான் மாநாட்டின் தர்க்கம் இங்கே மின்கம்பியோடு திரும்பி வருகிறது.

அப்ப வகைப்படுத்துவதே வன்முறை என்று எழுதி முடித்துவிடலாமா? நம் பத்திரிகைகளில் அது சுலபம். ஆனால் 1965இல் வெளிவந்த அமெரிக்கச் சைகை மொழி அகராதியும் வகைப்பாடுதான். ஸ்டோக்கியோடு ஆசிரியர்களாகப் பெயர் பெற்ற கேஸ்டர்லைன், குரோன்பெர்க் இருவரும் காதுகேளாதவர்கள். ஆங்கில அகரவரிசையை விட்டுவிட்டு, சைகை நிகழும் இடம், கைவடிவம், அசைவு ஆகியவற்றைக் கொண்டே அது சொற்களை அடுக்கியது. வெறும் சைகை என்று ஏளனம் செய்யப்பட்டது ஒரு மொழி என்று நிலைநாட்டியதில் அந்த வகைப்பாட்டுக்குப் பங்குண்டு.

பெயர்கள் மாறவும் செய்யும். ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவரை இழிவுசெய்யும் சொல்லிலிருந்து வந்த 'காஃப்ரா' என்ற பெயரை 'ஆஃப்ரா' என்று திருத்த 2024 ஜூலையில் மாட்ரிட் தாவரவியல் மாநாடு வாக்களித்தது. 200க்கும் மேற்பட்ட இனங்களின் பெயர் மாறியது. ஆக, விதி இயற்கையின் விதி அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஆட்கள் போட்டது. ஆய்வு சரியா தப்பா என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த மேசையில் இட்டி அச்சுதனுக்கு நாற்காலி உண்டா என்பதையும் கேட்டாக வேண்டும்.