வில்லை மாற்றினால் பிரேக்கையும் திறந்து பாருங்கள்

பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் கையில் காசு சேர்ந்ததும் முதலில் வாங்குவது புது வில் தட்டும் பெரிய ரயரும்தான். கண்டி மலைகளில் ஓடும் வண்டிக்கு இது தலைகீழான வரிசை. ஹுன்னஸ்கிரியவில் திரும்பி லூல்வத்த, கோபெட்ஸ் கெப் வழியாக மீமுரேக்குப் போனாலும் சரி, திரும்பாமல் மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவில் இறங்கினாலும் சரி, உயிர் பிரேக்கில்தான் இருக்கிறது.

நான் வேலை செய்தது சீரிஸ் 3, 88 அங்குல வண்டி. 1971 முதல் 1985 வரை தயாரான வகை. நான்கு சில்லுக்கும் 10 அங்குல ட்ரம் பிரேக், முன்னும் பின்னும் வில். பழைய வில்லில் பல தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வளையும்; இடையில் துரு ஏறினால் வளையவே மறுக்கும். நான் பூட்டிய பரபோலிக் வில்லில் தட்டுகள் குறைவு. நடுவில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடும். கல்லுப் பாதையில் முதுகு உடனே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். காசுக்கு மோசமில்லை.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. வலப்பக்க வில்லும் இடப்பக்க வில்லும் ஒன்றல்ல. ஓட்டுநர் பக்கம் பாரம் கூட என்பதால் அதற்கெனத் தனி வில் உண்டு. அடுத்தது, ஷெக்கிள் போல்ட்டை வண்டி ஜக்கில் நிற்கும்போது இறுக்கி முடிக்கக் கூடாது. சில்லு தரையில் பட்டு, பாரம் வில்லில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

வில் முடிந்தது என்று கையைக் கழுவ முடியாது. புது வில்லில் அச்சு முன்பைவிடக் கீழே தொங்கும். அங்கே பிரேக் ரப்பர் குழாய் இழுபட்டால் நீளமான குழாய் போட்டே ஆகவேண்டும். 6.00-16 ரயருக்குப் பதில் 7.50-16 போட்டிருந்தால், அதே ட்ரம் இன்னும் பெரிய சில்லை நிறுத்தப் பாடுபட வேண்டும்.

ட்ரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். லைனரில் எண்ணெய் ஊறியிருந்தால் ஷூவை மாற்றிவிடுங்கள், கழுவிப் பயனில்லை. காற்றெடுப்பதற்கு முன் அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை ட்ரம்மோடு ஒட்ட வையுங்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்துச் சில்லில் தொடங்கி, "மிதி தம்பி, நான் சொல்லும்வரை காலை எடுக்காதே" என்று ஒருவரை உள்ளே இருத்திக் குமிழி நிற்கும்வரை எடுக்க வேண்டும். முடிந்ததும் சில்லு தடையின்றிச் சுற்றும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள்.

பிரேக் எண்ணெயில் சிக்கனம் வேண்டாம். டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். மழை ஓயாத நம் பக்கத்தில் உறிஞ்ச ஈரத்துக்குக் குறைவில்லை. நீண்ட இறக்கத்தில் பெடலை மிதித்தபடியே வந்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். கால் வெறுமையாய்க் கீழே போகும். லோ ரேஞ்சில், இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஓடையைக் கடந்தால் ட்ரம் காயும்வரை பெடலை மெல்ல அழுத்தியபடி கொஞ்சத்தூரம் ஓட்டுங்கள்.

முதல் கல்லுப் பாதை ஓட்டம் முடிந்ததும் யூ போல்ட்டை மீண்டும் இறுக்கி, நான்கு அட்ஜஸ்டர்களையும் இன்னொரு முறை பாருங்கள். புது வில்லும் புது ஷூவும் அதற்குள் படிந்திருக்கும்.