நன்னூல் கூறும் நூலிலக்கணமும் ஒரு செய்நிரல் நூலும்

நூல் என்னும் சொற்குப் பொருள் கூறப் புகுந்த பவணந்தி முனிவர், மரத்தின் கோணலைத் தச்சன் இடும் நூல் புலப்படுத்துமாறு போல மாந்தர் மனக்கோட்டத்தைப் புலப்படுத்தித் தீர்ப்பது நூல் என்றார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அவர் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தினையும் முறைப்படுத்தி உரைத்துள்ளார். அவ்விலக்கணம் இலக்கண நூல்களை நோக்கி எழுந்ததாயினும், கற்பிக்கும் நோக்குடைய எந்நூலையும் அளந்தறிதற்கு ஏற்ற கோலாக இன்றும் நிற்கின்றது. கணினித் துறையில் எழுந்த நூலொன்றை அக்கோல்கொண்டு அளத்தல் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் நூலையே ஆசிரியனாகக் கொண்டு கற்க நேரும் மாணாக்கர் உள்ளவிடத்து, அத்தகைய ஆராய்ச்சி வேண்டப்படுவதேயாம்.

மலையகத்தின் அற்றன், நுவரெலியாப் பகுதிகளில் அத்தகைய மாணாக்கர் உளர். கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழில் கற்கும் ஒருவர் பைத்தன் மொழியின் அடிப்படைகளையும், தரவுத்தளத்தின் அமைப்பையும், வலைப்பக்கம் ஆக்கும் முறையையும் அறிந்து வெளியேறுகின்றார். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனம் அவரிடம் வேண்டுவதோ, பெருநிறுவனங்களுக்குரிய வலைச் செயலிகளை ஆக்கும் ஆற்றல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியைக் கடத்தற்கு, தலைநகர் சென்று கற்கும் வசதியில்லாதார்க்கு ஆங்கில நூலே துணையாகின்றது. அந்நூல் எத்தகையதாதல் வேண்டும் என்பதே ஈண்டு எழும் வினா.

நிறுவனச் செயலி என்பது யாது என்பதை முதற்கண் தெளிதல் நலம். ஒருவர் தமக்கென ஆக்கிக்கொள்ளும் சிறு நிரலினின்றும் அது நான்கு வகையால் வேறுபடும்: பலர் ஒரே நேரத்தில் அதனைப் பயன்படுத்துவர், அனைவரும் ஒரே தரவுத்தளத்தையே தொடுவர், பணமும் உரிமையும் பற்றிய விதிகள் அதனுள் அடங்கும், அவ்விதிகள் காலந்தோறும் மாறும். இந்நான்கும் தேயிலைத் தோட்டத்தார்க்குப் புதியன அல்ல. தோட்டத்துச் செக்றோல் என்னும் பேரேடு இந்நான்கு இயல்பும் உடையது. பிரட்டுக்களத்தில் பேர் பதிதலும், கொழுந்து நிறுவையில் எடை பதிதலும், உரிய எடை நிறைந்தவர்க்கு முழுப்பேரும் நிறையாதவர்க்கு அரைப்பேரும் இடுதலும், மாத இறுதியில் முற்பணமும் சேமலாப நிதியும் கழித்துச் சம்பளம் வகுத்தலும் அவ்வேட்டின் செயல்கள். கணினி தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே நிறுவனக் கணக்கின் சிக்கல் முழுவதும் மலைநாட்டில் தாளில் எழுதப்பட்டிருந்தது.

இனி ஆராய்ச்சிக்குரிய நூலை நோக்கலாம். அது ரொட் ஜோன்சன் என்னும் அவுஸ்திரேலியர் 2002இல் றொக்ஸ் பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்ட ‘எக்ஸ்பேர்ட் வன்-ஒன்-வன் ஜே2ஈஈ டிசைன் அன்ட் டிவெலப்மன்ட்’ என்பது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலின் ஆசிரியர் இசையியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர் என்பது வியப்பிற்குரியது. ஜாவா மொழியில் நிறுவனச் செயலிகளை ஆக்குதற்குச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999இல் ஜே2ஈஈ என்னும் பெயரால் ஒரு நெறியை வகுத்தது. அதன் நடுநாயகமாக எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் என்னும் பொறியமைப்பு விளங்கியது. எச்சிறு செயலிக்கும் அதனையே பயன்படுத்துதல் வேண்டும் என்பது அக்கால வழக்கு. ஜோன்சன் அவ்வழக்கை ஆராய்ந்து, வேண்டுமிடத்தன்றி அப்பொறியமைப்பைக் கொள்ளுதல் பயனின்றிப் பாரம் ஏற்றுவதாகும் எனக் காரணங்காட்டி மறுத்தார்.

நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்பது நன்னூலார் கொள்கை. பிறர் மதத்தை மேற்கொண்டு களைதலும், பிறர் நூற் குற்றங் காட்டலும், தான் ஒன்றை நாட்டி அதனை நிறுவுதலும் அவ்வேழனுள் அடங்கும். ஜோன்சன் நூலில் இம்மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன. அவர் மறுத்தலோடு நில்லாது, தம் கொள்கையை நிறுவும்பொருட்டு ஏறத்தாழ 30,000 வரிகள் கொண்ட செய்நிரலையும் நூலுடன் வழங்கினார். அதனைக் கற்றோருள் யுர்கன் ஹோலர், யான் கரோஃப் ஆகிய இருவரும், அந்நிரலை யாவரும் எடுத்தாளத்தக்க திறந்தமூலத் திட்டமாக வளர்க்க வேண்டுமென வற்புறுத்தினர். பழைய நெறியின் பனிக்காலம் கழிந்து இளவேனில் வந்தது என்னும் கருத்தமையக் கரோஃப் அதற்கு ‘ஸ்பிரிங்’ எனப் பெயரிட்டார். 2003இல் வெளிப்பட்டு, 2004 மார்ச்சில் முதற் பதிப்பாக நிலைபெற்ற அச்சட்டகம் இன்று ஜாவா உலகெங்கும் வழங்குகின்றது. கற்பிக்க எழுந்த நூல் ஒன்று கருவியாகவே மாறியமை இத்துறையில் அரிதாக நிகழ்ந்ததொன்று.

இந்நூலின் முதற் சிறப்பு, எதனையும் காரணத்தோடு கூறுதல். செய்நிரல் கற்பிக்கும் நூல்களுட் பல, ‘இதனை இவ்வாறு எழுதுக, இப்பயன் தோன்றும்’ என்னும் அளவில் அமைவன. அவற்றைக் கற்றவர் எழுதப்பட்டதை எழுதுவர். எழுதப்படாதது நேர்ந்தவிடத்துத் திகைப்பர். ஜோன்சன் ஒவ்வோரிடத்தும் இரண்டு மூன்று வழிகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் நன்மை தீமைகளையும் எடையிட்டு, ஒன்றைத் தெரிந்து, தெரிந்தமைக்குக் காரணமும் கூறுகின்றார். தரவுத்தளத்தைத் தொடும் பகுதியும், நிறுவனத்தின் விதிகள் அமைந்த பகுதியும், பயனர் காணும் பகுதியும் தனித்தனி அடுக்குகளாக நிற்றல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்தும் கோட்பாடு. ஒவ்வொரு பகுதியையும் தனியே சோதித்துப் பார்க்கத்தக்கதாக ஆக்குதல் வேண்டும் என்பது மற்றொன்று.

அடுக்குகளைப் பிரித்தலின் பயனைத் தோட்டக் கணக்கு நன்கு விளக்கும். தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார்க்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தால் நெடுங்காலம் வரையறுக்கப்பட்டு வந்தது. 2021இல் சம்பளச் சபை வாயிலாக அது 1000 ரூபாயாக்கப்பட்டது. 2024இல் மீண்டும் உயர்ந்தது. சம்பள விதி நிரலின் பல பக்கங்களிற் சிதறிக் கிடப்பின், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓரிடந் திருத்தி ஓரிடம் மறத்தல் நிகழும். மறந்தவிடத்தில் ஒருவருடைய கூலி குறையும். விதி ஓரடுக்கில் ஒருங்கே நிற்பின் ஓரிடந் திருத்துதல் அமையும். இத்துணை எளிய பயனை நூல் கூறினும், அதனை விளக்க அது காட்டும் உதாரணம் அரங்குகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கும் வலைச் செயலி. ஒரே இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் வேண்டின் யாது நிகழும் என்பதை அது செவ்விதின் ஆராய்கின்றது. இலண்டன் வாசகர்க்கு அது விளங்கு உதாரணம்; நாடக அரங்கில் இருக்கை பதிந்தறியாத மாணாக்கர்க்கோ உதாரணமே தனியொரு பாடமாகி விடுகின்றது.

நூலின் குற்றங்களும் ஈண்டுக் கூறற்பாலன. முதலாவது, ஜாவா மொழியிற் பயின்று, பழைய நெறியில் இடர்ப்பட்டும் இருந்தார்க்கே அது எழுதப்பட்டது. தொடக்க நிலையார்க்கு அது குன்றக் கூறலாகத் தோன்றும். இரண்டாவது, அக்காலத்துப் பல கருவிகளை விரித்துரைத்தலின் இற்றை வாசகர்க்குப் பல அதிகாரங்கள் மிகைபடக் கூறலாயின. வலைப்பகுதிக்கென அந்நூல் ஒப்பிட்டு நோக்கிய கருவிகளுள் ஒன்றாகிய ஸ்ரட்ஸின் முதல் வரிசை 2013இல் பேணுவாரற்று முடிவுற்றது. ஜே2ஈஈ என்னும் பெயரே 2018இல் ஜகார்த்தா ஈஈ என மாறிவிட்டது. நூலில் உள்ள நிரலை அப்படியே பெயர்த்தெழுதுவார் இன்று பெறும் பயன் சிறிது.

அங்ஙனமாயின் அந்நூலைக் கற்பது வீணோ எனின், அன்று. மலைநாட்டின் வரலாறே இதற்கு விடை பகரும். இம்மலைகளில் முதலில் விளைந்தது கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோயால் அது அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை பின்னர் அதனிடத்தைக் கொண்டது. பயிர் மாறிய பின்னரும் கோப்பிக் காலத்துப் பாதைகளும் லயங்களும் கங்காணி முறையும் பேரேட்டு முறையும் தொடர்ந்தன. செய்நிரற் கருவிகளும் அத்தகையனவே. கருவி அழியும், அதனை ஆளுதற்கு வகுத்த முறை நிற்கும். 2014இல் வந்த ஸ்பிரிங் பூட், சில வரிகளில் ஒரு செயலியை எழுப்பித் தருகின்றது. அதனோடு தொடங்குவார்க்கு விளைவு உடனே தோன்றும். காரணம் மறைந்து நிற்கும். மறைந்த காரணங்களை அறிய விரும்புவார்க்கு ஜோன்சன் நூல் இன்றும் துணை.

இந்நூலை அவ்வாறே தமிழில் மொழிபெயர்த்தல் தக்கதோ எனச் சிலர் வினவுதல் கூடும். மொழிபெயர்ப்புப் போதாது, வேண்டுவது உரை. தமிழ்க் கல்விமரபு மூலத்தை மட்டும் மாணாக்கர் கையிற் கொடுத்து அமைந்ததன்று. நன்னூலுக்கு ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்டமை யாவரும் அறிந்தது. கருத்துரைத்தலும், பதப்பொருள் கூறலும், உதாரணங் காட்டலும், வினாவும் விடையுமாகிய இவையும் காண்டிகையின் உறுப்புக்கள். செய்நிரல் நூலுக்கும் அவ்வாறு உரை காணலாம் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம்.

நிறுவனச் செயலியின் தலைமைக் கோட்பாடுகளுள் ஒன்று, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘கொடுக்கல் வாங்கல்’ எனப் பெயர்பெறுவது. பெயரளவில் அது கடைத்தெரு வழக்கையே நினைப்பிக்கும். அதன் கருத்தோ, தம்முள் தொடர்புடைய பல பதிவுகள் முழுதும் நிகழ்தல் வேண்டும், அன்றேல் சிறிதும் நிகழாதிருத்தல் வேண்டும் என்பது. உதாரணம் வருமாறு: மாலை நிறுவையில் ஒரு பெண்ணின் கொழுந்தெடை தரவுத்தளத்தில் ஏறுகின்றது, அதனால் அவர்க்குரிய முழுப்பேரும் உடன் ஏறுதல் வேண்டும். எடை ஏறிப் பேர் ஏறுமுன் மின்சாரம் நின்றால் யாது செய்வது என்பது வினா. ஏறிய எடையையும் நீக்கிப் பழைய நிலைக்கு மீட்டு, பதிவு நிகழவில்லை என்பதைக் கணக்கப்பிள்ளைக்கு அறிவித்தல் வேண்டும் என்பது விடை. தாளில் எழுதியவர்க்கு இவ்விதி ஏன் வேண்டப்படவில்லை என்பது அடுத்த வினா. தாளில் எழுதுபவர் பாதியில் நின்ற வரியைத் தம் கண்ணாற் கண்டு நிரப்புவார். பொறிக்கு அக்கண் இல்லை. ஆதலின் அக்கண்ணை விதியாக எழுதி வைத்தல் வேண்டும் என்பது அதன் விடை. இவ்வளவும் கூறிய பின்னரே ‘கொடுக்கல் வாங்கல்’ என்னும் பெயர் பொருளுடையதாகின்றது.

இத்தகைய உரையை எழுதும் தகுதி யார்க்கு உண்டு? அரைப்பேர் என்பது ஒரு குடும்பத்தின் அடுப்பில் யாது செய்யும் என அறிந்தவர்க்கு மிகுதியும் உண்டு. மலையகத் தமிழர் ஒன்றரை நூற்றாண்டாகப் பிறர் எழுதிய ஏடுகளில் எண்ணப்பட்டு வந்தவர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டின் ஏட்டினின்றும் அவருட் பெரும்பாலார் நீக்கவும் பட்டனர். ஏட்டில் நேரும் பிழை எத்துணைக் கொடிது என்பதை அவரினும் நன்குணர்ந்தார் அரியர். இன்று அவ்வேடுகள் கணினிக்கு மாறி வருகின்றன. அவற்றை எழுதுவாருள் லயத்திற் பிறந்தாரும் இருத்தல், பிழையைப் பிழையென விரைந்து காண உதவும்.

இத்துறை கடல் கடந்தார்க்கே உரியது என்னும் எண்ணமும் பொருந்தாது. நிறுவனச் செயலிகளை இணைக்கும் அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் மென்பொருளில் இலங்கையர் பங்கு பெரிது. 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் அவ்வகை மென்பொருளைக் கொழும்பிலிருந்தே உலகிற்கு வழங்கியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனாரையும் முகாம்களையும் பதிந்து பேணுதற்குரிய ‘சகானா’ என்னும் வலைச் செயலியை இந்நாட்டுத் தொண்டர் சில வாரங்களில் ஆக்கினர். கொழும்பில் இயன்றது அற்றனில் இயலாது என்றற்குக் காரணம் அறிவின் குறைவாகாது. உடன் பயில்வாரும் உரைப்பாரும் இல்லாமையே.

இதற்கும் நன்னூலார் வழி கூறியுள்ளார். ஆசிரியன் உரைத்ததை நன்கு கொள்ளினும் கல்வியிற் காற்பங்கே எய்தும். உடன் கற்பாரொடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்கு எடுத்துரைத்தலால் நிறையும் என்பது அவர் துணிபு. இக்கணக்கின்படி, நூலையே ஆசிரியனாகக் கொண்டு தனித்திருந்து கற்பவர் காற்பங்கின் எல்லையைக் கடத்தல் அரிது. ஜோன்சன் நூலும் அதற்கு விலக்காகாது. மலையகப் பாடசாலைகளின் கணினிக் கழகங்கள் அந்நூலின் ஓரதிகாரத்தை ஓராண்டு கூடிக் கற்று, தோட்டத்து உதாரணங்களால் தமிழில் உரை வரைந்து, அடுத்த வகுப்பினர்க்கு எடுத்துரைப்பின், உடன் பயிலும் காற்பங்கும் உரைக்கும் அரைப்பங்கும் கைகூடும். கற்றவர் அந்நிலையிற் பெறுவது முழுப்பேர்.