பாலையில் ஒரு சுருள்

'ஆர்கானிக்' கட்டிடக்கலை என்பது ஒரு கோஷமாகிவிட்டது. வளைந்த சுவரும் மண் நிறமும் இருந்தால் போதும், இயற்கையோடு ஒன்றியது என்று சொல்லிவிடுகிறார்கள். ஃப்ராங்க் லாயிட் ரைட் தன் மகன் டேவிட்டுக்காக ஃபீனிக்ஸ் நகரின் ஆர்கேடியா பகுதியில் வடிவமைத்த வீடு (1952) இந்தச் சுலபத்தை மறுக்கிறது.

அரிஸோனா பாலைதான். ஆனால் அந்த மனை பாலையல்ல; நீர் பாய்ச்சி வளர்த்த ஆரஞ்சுத் தோப்பு. ரைட் பாலையை நடித்துக் காட்டவில்லை. வீட்டைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார். மர உச்சிகளே புல்வெளி, அப்பால் கேமல்பேக் மலை, கீழே நிழல். சுருண்டேறும் சாய்தளமே வழி. மகன் கான்கிரீட் பிளாக் தொழிலில் இருந்தவர்; சுவரும் அதுவே. உருவம் கள்ளிச்செடியைப் பார்த்து வரவில்லை, அங்கு வாழ்ந்தவர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது.

சுற்றியிருந்த தோப்புகள் பெரும்பாலும் வீட்டு மனைகளாயின. 2012இல் இந்த வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு மனை பிரிக்க முனைந்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, ஆண்டு முடிவதற்குள் வேறொருவர் வாங்கியதால் தப்பியது.

காப்பாற்றப்பட்டது கட்டிடம். எந்தத் தோப்புகளுக்கு மேலே அது எழும்பிற்றோ, அவை போனபின் அந்த உயரத்துக்குப் பாதிக் காரணம்தான் மிச்சம். இடமும் கட்டிடமும் ஒன்று என்ற ரைட்டின் கொள்கையை ஏற்பவர்கள் இந்த இழப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.